கார்புரேட்டரைத் திருகும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய கார். சிக்னலில் நிற்கும்போது வண்டியே குலுங்குகிறது, சில நேரம் அணைந்தும் போகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் பிரச்சினை இல்லை. கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன. எதை எந்தப் பக்கம் திருக வேண்டும்?

பதில்: ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான், ஆனால் கடைசியில் தொட வேண்டியது அது. பிளக் கரி பிடித்திருந்தாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி மாறியிருந்தாலோ, டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) நகர்ந்திருந்தாலோ, வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி) தப்பியிருந்தாலோ எஞ்சின் இதே மாதிரிதான் குலுங்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகினால் இரண்டு கோளாறு சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து காற்றுக் கசிவு. "ஓட ஆரம்பித்தால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதிலேதான் சந்தேகம். நிற்கும்போது த்ராட்டில் தகடு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழித் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றும் கொஞ்சம்தான், மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில்) வெற்றிடம் அதிகம். அந்த நேரத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் போகும்போது மொத்தக் காற்றே அதிகம் என்பதால் அதே ஓட்டை தெரியாமல் போய்விடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸுக்குப் போகும் மெல்லிய குழாய், கார்புரேட்டர் உட்காரும் இடத்துக் கேஸ்கட் மூன்றையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போதே ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள்; குலுக்கம் குறைந்தால் கசிவு அந்த வழியில்தான். கேஸ்கட் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் சத்தம் ஒரு நொடி மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள், சூடான எஞ்சின் மேல் அதைச் செய்யவே வேண்டாம்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, இப்போது ஸ்க்ரூவுக்கு வருவோம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஹெட்லைட் அணைந்திருக்க வேண்டும், வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூன் செய்யாதீர்கள், திரும்ப மாட்டியதும் கலவை மாறிவிடும். மூடிய ஷெட்டுக்குள்ளும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

த்ராட்டில் லிவரைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ ஐடிலிங் வேகத்துக்கு. கார்புரேட்டரின் அடிப்பகுதிக்குள் இறங்கும் மற்றொன்று கலவைக்கு. கலவை ஸ்க்ரூ இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: எஞ்சினை அணைத்துவிட்டு, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்பட்டதும் நிறுத்தி, எண்ணிக்கையைக் குறித்துவைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இறுக்கிவிடாதீர்கள். அதன் முனை ஊசி மாதிரி கூர்மை, இறுக்கினால் பள்ளம் விழும், அதன் பிறகு எத்தனை தடவை திருகினாலும் நிலையாக நிற்காது. பழைய நிலையே தெரியவில்லை என்றால் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பிக்கலாம்.

இப்போது கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் சில நொடி காத்திருந்து கேளுங்கள். பெரும்பாலான கார்களில் உள்ளே திருகினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தடுமாறும், வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடி மந்தமாக, கனமாக ஓடும். இரண்டுக்கும் நடுவில் வேகம் தானாகவே ஏறி, சீராக ஓடும் ஓர் இடம் உண்டு. அதைப் பிடித்ததும் மற்ற ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்ததும் கலவை கொஞ்சம் மாறும், அதனால் இரண்டையும் இன்னொரு தடவை மாற்றி மாற்றிப் பாருங்கள். வேகம் எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் சரி, பல கார்களுக்கு அது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் இருக்கும். வேக்குவம் கேஜ் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை காட்டும், முள் ஆடக் கூடாது.

கலவை ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் எஞ்சின் மாறாமல் ஓடினால்? அப்போது பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. யாரோ ஐடிலிங்கைக் கூட்டி த்ராட்டில் தகட்டை அதிகமாகத் திறந்துவைத்திருக்கலாம், ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) மட்டம் ஏறியிருக்கலாம். நேர் எதிராக, எப்படித் திருகினாலும் ஐடிலிங்கில் எஞ்சின் அணைந்துகொண்டே இருந்தால் ஐடிலிங் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்திருக்கும். சில கார்புரேட்டர்களில் சாவியைப் போட்டதும் "டக்" என்று சத்தம் கொடுக்கும் சின்ன சோலனாய்டு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வு) ஒன்று உண்டு. சத்தம் வரவில்லை என்றால் முதலில் அதன் ஒயரைப் பாருங்கள், பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும்.

இது எல்லாக் கார்புரேட்டருக்கும் பொருந்தாது. எஸ்யூ (SU) வகைக் கார்புரேட்டரில் ஜெட்டே மேலும் கீழும் நகரும், அங்கே செய்யும் மாற்றம் ஐடிலிங்கோடு நிற்காமல் எல்லா வேகத்தையும் பாதிக்கும். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் போனால் குறைவு, லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. மேலே உள்ள டேம்பரில் (பிஸ்டனின் அசைவை அடக்கும் பகுதியில்) ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

கேள்வி: ஐடிலிங் அருமையாக இருக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி விழுந்து, பிறகுதான் எழுகிறது. கலவையைக் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம். சட்டென்று மிதிக்கும்போது காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலேட்டர் பம்ப் இருக்கிறது. எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் இழுங்கள். இழுத்த அதே கணம் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ சொட்டினாலோ பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது அல்லது வழி அடைத்திருக்கிறது. கலவையைக் கூட்டினால் இது போகாது, பிளக்தான் கறுக்கும்.

கேள்வி: மைலேஜ் குறைந்துவிட்டது, பிளக்குகள் கரிக்கட்டையாக இருக்கின்றன. சின்ன மெயின் ஜெட் போடச் சொல்கிறார்கள்.

பதில்: முன்பு சரியாக ஓடிய வண்டியில் ஜெட்டின் ஓட்டை தானாகவா திடீரென்று பெரிதாகும்? சோக் முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. ஊசி வால்வு தேய்ந்திருந்தாலும் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். சின்ன ஜெட் போட்டால் ஐடிலிங் மாறாது, ஆனால் வேகத்தில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அதிகம் சூடாகும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கார்புரேட்டரை மாற்றி அமைக்க வேண்டுமா?

பதில்: ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் எத்தனால் கூடக் கூட அதே ஜெட்டில் பெட்ரோல் குறைந்த மாதிரி ஆகும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிவிடும், கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. சதவீதம் குறைவு என்றால் கலவை ஸ்க்ரூவைத் துளி வெளியே எடுத்தால் ஐடிலிங் சரியாகும், அதிகம் என்றால் ஜெட் மாற்ற வேண்டிவரலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாஃப்ரத்தையும் கவனியுங்கள், எத்தனால் அவற்றை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: நல்ல வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிப்பதே இல்லை.

பதில்: எஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் இறங்கியிருக்கும். பெடலை மிதித்து மிதித்து விடாதீர்கள், பம்ப் இன்னும் பெட்ரோலை ஊற்றும். ஒரே அடியாகத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள், பிடித்ததும் காலை எடுங்கள். அடிக்கடி வந்தால் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடிமனான இன்சுலேட்டர் (சூட்டைத் தடுக்கும் தகடு) இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கழற்றியபோது திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள்.