புயல் நிவாரணமாகத் தமிழ்நாடு கேட்பது பல்லாயிரம் கோடி, டெல்லி தருவது சில நூறு கோடி. இது வஞ்சனை இல்லாமல் வேறென்ன?

வஞ்சனையும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கட்சிக்காரரும் டிவியில் வாய் திறப்பதில்லை. நான் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்துக்காரன். தென்னந்தோப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பம், 2018 கஜா புயலில் அடி வாங்கிய குடும்பம். அதனால் நடுநிலையான பதிலை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

முதலில் நீங்கள் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். 2016 வர்தா புயலுக்குக் கேட்டது சுமார் 22,500 கோடி, வந்தது 266 கோடி. 2017 ஒக்கிக்கு ஒன்பதாயிரம் கோடிக்கு மேல் கேட்டார்கள், வந்தது 133 கோடி. 2018 கஜாவுக்கு ஏறக்குறைய 15,000 கோடி கேட்டு 1,146 கோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை முழுக்காட்டியது. இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி, நெல்லைச் சீமையே மிதந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டது சுமார் 38,000 கோடி, வந்தது 276 கோடி. 2024 ஃபெஞ்சலுக்கு 6,675 கோடி கேட்டு 522 கோடி.

இப்போது இதை வேறு மாதிரிப் பாருங்கள். முதல் மூன்று புயலின்போதும் கோட்டையில் இருந்தது அதிமுக. டெல்லியோடு அவர்களுக்கு அப்போது என்ன சண்டை? சண்டை கிடக்கட்டும், கஜா அடித்த மூன்றே மாதத்தில் பாஜகவோடு நாடாளுமன்றத் தேர்தல் கூட்டணியே போட்டார்கள். அப்படி இணக்கமாக இருந்தபோதே வர்தாவுக்கு நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட வரவில்லை என்றால், சிக்கல் 'யார் ஆட்சி' என்பதோடு முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

டெல்லியைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2023 வெள்ளத்துக்கான பணம் எப்போது வந்தது தெரியுமா? 2024 ஏப்ரல் கடைசியில். தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேறி, இங்கே ஓட்டுப்பதிவும் முடிந்த பிறகு. கர்நாடகமும் வறட்சி நிவாரணத்துக்கு அதே நீதிமன்றத்துக்குப் போய்த்தான், 18,000 கோடி கேட்ட இடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கோடி வாங்கியது. கேட்டால் தருவதற்கும் வழக்குப் போட்டால் தருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தாமதத்தில் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் தொகையைத் தீர்மானிப்பது வேறொன்று. உள்துறை அமைச்சகம் வைத்திருக்கும் ஒரு அட்டவணை. மாநிலப் பேரிடர் நிதி, தேசியப் பேரிடர் நிதி இரண்டிலிருந்தும் எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற விலைப்பட்டியல் அது. சில வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவார்கள். நம் மாநிலம் அனுப்பும் கோரிக்கை மனுவில் உடைந்த பாலம், சாலை, மின்கம்பம், இனி வராமல் தடுக்கக் கட்ட வேண்டியது எல்லாம் சேர்ந்து ஒரு தொகை நிற்கும். டெல்லியிலிருந்து வரும் குழு அந்த மனுவை வாங்கிக்கொண்டு, இந்த அட்டவணையை வைத்து வேறு கணக்குப் போடும். அதிலும் மாநில நிதியில் இருக்கும் இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தேசிய நிதியிலிருந்து தருவார்கள். ஆக, கேட்பது ஒரு கணக்கு, கொடுப்பது இன்னொரு கணக்கு. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இது இரண்டு பக்கத்துக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் பெரிய தொகையைச் சொல்லி மனு கொடுக்கும் படம் பேப்பரில் வரும்.

அந்த அட்டவணையில் என்ன இருக்கிறது? கஜா வந்தபோது அமலில் இருந்ததை எடுத்துக்கொள்வோம். தென்னை, மா, முந்திரி போன்ற நீண்டகாலப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஹெக்டேருக்கு 175 தென்னை என்பது அரசே வைத்துக்கொண்ட கணக்கு. வகுத்துப் பாருங்கள், மரத்துக்கு நூற்று மூன்று ரூபாய் வரும். எங்கள் ஊரில் அன்றைக்கு விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்க மெஷின்காரர் கேட்ட கூலியே அதைவிடப் பல மடங்கு.

தென்னை வைத்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். வந்துவிட்டால் நம் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் காய்க்கும். நல்ல மரம் வருஷத்துக்கு எண்பது, நூறு காய் போடும். காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைச்சலாகவே வைத்தாலும் புதுக் கன்று காய்க்கும் வரைக்கும் ஒரு மரத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் நஷ்டம். அதற்கு நூற்று மூன்று ரூபாய். நெல்லாவது அடுத்த போகம் என்று ஒன்று உண்டு. தோப்பு போனவனுக்கு அடுத்த போகம் ஏழு வருஷம் கழித்து.

நியாயமாகச் சொன்னால், கஜாவில் எடப்பாடி அரசு இந்த அட்டவணையைத் தாண்டித்தான் கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, மொத்தம் 1,100 ரூபாய். அந்த வாரம் அமைச்சர்கள் காரை மறித்து ஜனங்கள் கேட்ட கேள்விக்குப் பலன் அது என்பேன் நான். போதாதுதான். ஆனாலும் மாநிலம் மனசு வைத்தால் அட்டவணையைத் தாண்டலாம் என்பதற்கு அது சாட்சி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கணக்கெடுப்பு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சாய்ந்து கிடக்கும் மரத்தை எண்ணுவது சுலபம். ஆனால் கஜா பாதி மரங்களைச் சாய்க்காமல் தலையைத் திருகிவிட்டுப் போயிருந்தது. மட்டையெல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட மாதிரி, குருத்து முறுக்கிக்கொண்டு, மரம் நேராக நிற்கும். தோப்புக்காரனுக்கு அது செத்த மரம் என்று பார்த்ததுமே தெரியும். தாளில் எழுத முடியாது. கணக்கெடுக்க வந்த பையன் நல்லவன்தான், பாவம், வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். "நிக்கிற மரத்தை எப்படிண்ணே விழுந்துச்சுன்னு நான் எழுதுறது?" என்று கேட்டான். என் சித்தப்பா, "தம்பி, தை மாசம் வந்து பாரு, உதிர்ந்து நிக்கும்" என்றார். தை மாதம் யார் வரப்போகிறார்கள்? குருத்து அழுகி, தலை கழன்று விழ ஆரம்பித்தபோது பட்டியல் முடிந்து பணமும் பட்டுவாடா ஆகிவிட்டது. கூடவே அழுகிய தூரில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகி, தப்பிப் பிழைத்த மரத்தையும் பிடித்தன. அந்த இரண்டாவது சாவுக்கு எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது.

சரி, இதெல்லாம் 2018. பிறகு 2022-இல் திருத்தினார்கள். நீண்டகாலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ஆனது. தென்னைக்கு வகுத்தால் நூற்றி இருபத்தெட்டரை ரூபாய். முழுசாக அழிந்த படகுக்கு 9,600 ஆக இருந்ததை 15,000 ஆக்கினார்கள். வலை முழுசாகப் போனால் 4,000. மல்லிப்பட்டினத்திலோ கோடியக்கரையிலோ போய் ஒரு ஃபைபர் படகு என்ன விலை, எஞ்சின் என்ன விலை என்று கேட்டுவிட்டு இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், இல்லை அடிப்பார்கள். குடிசை போனால் 8,000. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. கோழிக்கு நூறு என்றால் தென்னைக்கு நூற்றி இருபத்தெட்டு. தென்னையை வளர்த்ததுக்குப் பதிலாகக் கோழி வளர்த்திருக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு ஜோக்கே உண்டு.

நாடாளுமன்றத்தில் யாராவது இதைக் கேட்டால் உள்துறையின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இது நிவாரணம், நஷ்டஈடு அல்ல. வாதம் சட்டப்படி சரி. ஆனால் மரம் இழந்தவனுக்கு நஷ்டஈடு வேறு எங்கிருந்து வரும்? தென்னைக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருஷப் பிரீமியம் மரத்துக்குச் சில ரூபாய்தான், அதிலும் விவசாயி கட்ட வேண்டியது கால் பங்கு. மிச்சத்தைத் தென்னை வளர்ச்சி வாரியமும் மாநிலமும் கட்டும். வயதைப் பொறுத்து மரத்துக்கு 900 அல்லது 1,750 ரூபாய் கிடைக்கும். கஜாவுக்கு முன்னால் எங்கள் தெருவில் இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டவர்களே இல்லை. யாரும் வந்து சொல்லவில்லை.

இப்போது மாநிலத்தின் பக்கம். மிக்ஜாம் சமயத்தில் ஸ்டாலின் அரசு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தது. இலவசம், ஓட்டுக்காக என்று அதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று நாள் தண்ணீரில் நின்ற வீட்டில் மெத்தையும் மிக்சியும் போயிருக்கும், கையில் காசு வந்தால்தான் உதவி. ஆனால் அதே அறிவிப்பில் பயிருக்கும் குடிசைக்கும் மாட்டுக்கும் என்ன தொகை போட்டார்கள் என்று எடுத்துப் பாருங்கள். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, நீண்டகாலப் பயிருக்கு 22,500, குடிசைக்கு 8,000. டெல்லி அட்டவணையின் அச்சு நகல். கஜாவில் தாண்ட முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? 'ஒன்றிய அரசு வஞ்சிக்கிறது' என்று மேடையில் பேசிவிட்டு, அதே ஒன்றிய அரசின் விலைப்பட்டியலை அரசாணையில் ஒட்டினால், வஞ்சனையில் பங்கு யாருக்கு?

அதே டிசம்பரில் 'அப்பன் வீட்டுப் பணம்' சண்டை ஒன்று நடந்தது நினைவிருக்கும். உதயநிதி ஒன்று சொல்ல, நிர்மலா சீதாராமன் பதிலுக்கு ஒன்று சொல்ல, ஒரு வாரம் டிவிக்கு நல்ல தீனி. அந்தச் சண்டையில் 900 கோடி கொடுத்துவிட்டோம் என்று நிதியமைச்சர் சொன்னார். அந்த 900 கோடி, அந்த வருஷத்து மாநிலப் பேரிடர் நிதிக்கு ஒன்றியம் போட வேண்டிய முக்கால் பங்கு. புயலே வராவிட்டாலும் வந்திருக்க வேண்டிய பணம். இதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு விவாதத்தில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? அப்பனைப் பற்றிப் பேசவே நேரம் சரியாகப் போனது.

எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது இன்னொன்று. இந்த முழுக் கணக்கும் பட்டாவில் பேர் இருப்பவனுக்கான கணக்கு. எங்களுக்காவது மரத்துக்கு 1,100 வந்தது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தென்னை வைத்தவர் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்ற கிராமக் கணக்கான அடங்கலில் பேரை ஏற்ற அலைந்தார். தோப்பில் காய் பறிப்பவர், உரிப்பவர், மட்டை ஏற்றும் லோடுமேன், கயிறு மில்லில் வேலை பார்த்த பெண்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து கீற்று முடைந்த அக்காமார் யாருக்கும் இந்த மரக் கணக்கில் இடமே இல்லை. நான்கு தெரு முழுக்கக் கீற்று முடைந்து பிழைத்த இடத்தில் முடைய ஓலை இல்லை. ஊரில் பாதிக் கூரைக்குக் கீற்று தேவைப்பட்ட அந்த மாதத்திலேயே. தோப்பு போனது எனக்கு ஏழு வருஷ வருமானம் என்றால் அவர்களுக்கும் அதே ஏழு வருஷம்தான். அவர்களில் பலர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். சிலர் திரும்பி வரவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. எத்தனை கோடி கேட்டார்கள், எத்தனை கோடி கொடுத்தார்கள் என்ற சண்டை இரண்டு கட்சிக்கும் வசதியான சண்டை, யாரும் தோற்பதில்லை. கேட்க வேண்டியது அட்டவணையைப் பற்றி. மரப்பயிரை ஏன் ஹெக்டேர் கணக்கில் வைக்கிறீர்கள், மரத்துக்கு இவ்வளவு என்று ஏன் வயதைப் பார்த்து வைக்கக் கூடாது? ஆறு மாதம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பு ஏன் கிடையாது? கூலிக்காரருக்கு ஊரக வேலைத் திட்ட நாட்களைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? இதில் முதல் கேள்வியை எம்பியிடமும் மற்ற இரண்டையும் எம்எல்ஏவிடமும் கேட்க வேண்டும். கூலிக்காரருக்குத் தனி உதவித்தொகை கொடுப்பதையோ மறு கணக்கெடுப்பு நடத்துவதையோ எந்த டெல்லி விதியும் தடுக்கவில்லை. சொந்த கஜானாவிலிருந்து கொடுக்க மனசு வேண்டும், அவ்வளவுதான். நான் எங்கள் எம்எல்ஏ அலுவலகத்தில் எழுதியே கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டு, "டெல்லிதான் தம்பி தரமாட்டேங்குது" என்றார்கள்.