தகரக் கூரையின் கீழ் ஓடும் குதிரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தக்கலைக்கு அருகில், தகரக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றில் என் மகள் குதிரைச் சவாரி பழகுகிறாள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வெளி மைதானப் பயிற்சி நின்றுபோய், எல்லாமே கூரைக்குள்தான் நடக்கின்றன. 18–55 லென்ஸ் பொருத்திய கேமராவில் நான் எடுக்கும் படங்களில் குதிரையின் கால்கள் புகைபோலக் கலைந்து விழுகின்றன. ஃபிளாஷ் போடக் கூடாது என்கிறார் பயிற்சியாளர். மாதிரிக்கு ஒரு படத்தை இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: பயிற்சியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தனக்கு நேர் பின்னால் உள்ள சிறு பகுதியைத் தவிர ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது பார்க்கிறது. எங்கிருந்து வெளிச்சம் பளிச்சிட்டாலும் அது மிரளக்கூடும், பழகுநிலையில் இருக்கும் பிள்ளை முதுகில் இருக்கும்போது அந்த ஆபத்துக்கு இடமே தரக் கூடாது. மேலும், குளம்படியில் எழும் புழுதி ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தை நிறைத்துவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தின் விவரங்களைப் பார்த்தேன்: ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/60 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600. குதிரை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/60 நொடிக்குள் அதன் உடல் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. முன்னோக்கி வீசப்படும் கால் உடலைவிட வேகமாகச் செல்வதால், உங்கள் மகளின் முகம் ஓரளவு தெரிகிற அதே படத்தில் கால்கள் மட்டும் கலைந்துபோயிருக்கின்றன. விஜயதசமியன்று, கன்னியாகுமரி பகவதியம்மன் வேட்டைக்கு எழுந்தருளும் மகாதானபுரம் பரிவேட்டை விழாவில் அம்மனின் குதிரை வாகனத்தைப் படமெடுத்துப் பழகியவர்கள், அதே அமைப்போடு உயிருள்ள குதிரைக்கு முன்னால் நின்று ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். தோள்களின் மேல் வாகனம் எவ்வளவு ஆடினாலும் அதன் கால்கள் அசைவதில்லை அல்லவா!

ஆகவே முதலில் ஷட்டரை 1/500 நொடியில் நிறுத்துங்கள். தடை தாண்டும் பயிற்சி என்றால் 1/1000 நல்லது. 1/60-லிருந்து 1/500-க்குப் போனால் கேமராவுக்குள் வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும். அந்த இழப்பை ஈடுகட்டுவதற்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றே போதும், ஏனெனில் அது எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விலை உயர்ந்த 70–200 எஃப் 2.8 லென்ஸை இப்போதே வாங்க வேண்டியதில்லை. எஃப் 1.8-இல் தெளிவு விழும் ஆழம் குறையும் என்று அஞ்சுவீர்கள். உங்களுடையதைப் போன்ற கேமராவில் 10 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் முன்னும் பின்னுமாக இரண்டு மீட்டருக்கு மேல் தெளிவாகவே இருக்கும், 5 மீட்டருக்கு நெருங்கினால்தான் சிக்கல். மழை இருட்டில் அதுவும் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் ஓரளவு சீராக்கலாம். கலைந்துபோன காலை மீட்கவே முடியாது.

இப்படி எடுக்கும்போது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருளாகவும் வந்தால், அதற்குக் கேமராவின் கோளாறு காரணம் அன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/500 நொடியில் எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு துண்டுதான் படத்தில் விழுகிறது. உங்கள் கேமராவில், விளக்கின் இந்த மினுக்கத்தைச் சமாளிக்கும் ‘ஆன்ட்டி ஃபிளிக்கர்’ வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால், விளக்கை நம்பாமல் வாசலை நம்புங்கள்: திறந்த வாசலின் ஓரமாக, குதிரையின் வழியை மறைக்காமல் நின்று, வெளிவெளிச்சம் குதிரையின் முகத்தில் படும் அந்த நான்கைந்து காலடிகளுக்காக மட்டும் காத்திருங்கள். கொட்டகை முழுவதும் கேமராவோடு குதிரையைத் துரத்துவதைவிட இது பலமடங்கு பயன் தரும். வாசலை நோக்கிக் கேமராவைத் திருப்பி எடுத்தால் மட்டும் குதிரை கரிய நிழலாகிவிடும்.

கணத்தைத் தேர்ந்தெடுப்பதும் பழக்கம்தான். ‘ட்ராட்’ எனும் துள்ளு நடையில் மூலைவிட்டமாக எதிரெதிர் இரு கால்கள் சேர்ந்து ஊன்றும்; ‘கேண்டர்’ எனும் மிதவேக ஓட்டத்தில் மூன்று தட்டுகளுக்குப் பின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைவிட்டு எழும். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழுகின்றன என்பதை 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் காட்டினார். அவருக்குக்கூடச் சுடும் வெயிலும் வெள்ளைப் பின்னணியும் தேவைப்பட்டன. குளம்படியின் தாளத்தைக் காதால் எண்ணிக்கொண்டு, எழும்பும் கணத்துக்குச் சற்று முன்பாகவே பொத்தானை அழுத்துங்கள். குவியம் (ஃபோகஸ்) தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்கட்டும். அந்தக் குவியப் புள்ளியை உங்கள் மகளின் முகத்தில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. அதில் உள்ளரங்கக் குதிரைப் படம் எடுக்க முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: ஓடும் குதிரையை எடுப்பது கடினம். ‘நைட் மோடு’ பல படங்களை ஒன்றாக்கிச் சேர்ப்பதால் ஒரு குதிரைக்கு ஏழெட்டுக் கால்கள் முளைத்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். ஜூம் செய்யாமல் முதன்மைக் கேமராவில், குதிரை நின்று காதுகளை முன்னோக்கி நிமிர்த்தும் கணத்தில் எடுங்கள். சேணத்தை இறுக்குவது, பிடரி வாருவது, பயிற்சி முடிந்ததும் பிள்ளை கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பது ஆகியவை கைபேசிக்கு எட்டும் படங்கள்.