அமெரிக்காவுல அழிஞ்சுபோன வீடியோ கேம் ஆர்கேட் ஜப்பான்ல மட்டும் எப்படி இன்னும் நிக்குது?

கேள்வி கேட்டவர் டோக்கியோவுல இருக்கற அகிஹபாரா வீடியோ ஒண்ணு பாத்திருக்கார், மாடி மாடியா கேம் சென்டர் (காசு போட்டு வீடியோ கேம் ஆடற ஆர்கேட்டுக்கு அங்க இதான் பேரு) ஓடுது, அதே சமயம் அமெரிக்காவுல எல்லாம் மூடிட்டாங்களே, என்ன காரணம்னு கேக்கறார். நான் 2012லேர்ந்து 2017 வரைக்கும் டோக்கியோவுல நிஷிகசாய்ல இருந்தேன் (நம்ம ஆளுங்க, மத்த இந்தியர்கள்னு ஐடிக்காரங்க நிறைய இருக்கற ஏரியா), அதுக்கப்புறம் நியூஜெர்சி. ரெண்டு ஊர்லயும் காசு போட்டு ஆடினவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். ஜப்பான்லயும் ஆர்கேட் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாதுங்க. அந்த நாட்டு போலீஸ் கணக்குல 1986ல 26,000க்கு மேல கேம் சென்டர் இருந்துச்சு, 2019ல 4,000 சொச்சம்தான். நீங்க வீடியோவுல பாக்கறது அந்த மிச்சத்துல பளிச்சுனு இருக்கற நாலு கட்டடம். ஆனா அமெரிக்காவுல வேகமா சரிஞ்சது அங்க நாப்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கரையுது, அந்த நாப்பது வருஷம் எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வியே.

நான் வழக்கமா போனது அகிஹபாராவுல டைட்டோ ஹேங்கற கேம் சென்டர். ஆபீஸ் இல்லாத நாள்ல தோஸாய் லைன் ரயில் புடிச்சு கயாபாச்சோவுல மாறி போயிடுவேன். கீழ் மாடி ஃபுல்லா பொம்மை புடிக்கற கிரேன் மெஷின், அதைத் தாண்டி ரெண்டாவது மாடி ஏறணும், அங்கதான் பழைய ஷூட்டிங் கேம் எல்லாம் வரிசையா இருக்கும். ஒரு நாள் ஒரு மனுஷன், அம்பது வயசு இருக்கும், கோட்டு கூட கழட்டல, டையை மட்டும் சட்டைப் பாக்கெட்டுக்குள்ள சொருகிட்டு, பையை ஸ்டூலுக்கு அடியில தள்ளிட்டு உக்காந்தார். கேவ் கம்பெனி கேம் ஒண்ணு, ஸ்க்ரீன் பூரா ரோஸ் கலர் நீலக் கலர் குண்டா கொட்டும், நாம ஓட்டற விமானம் போறதுக்கு ஒரு விரல் அகலம் சந்து இருக்கும் அவ்வளவுதான். அவர் மணிக்கட்டு அசையவே இல்ல, விரல் நுனி மட்டும்தான் ஓடுச்சு, அரை மணி நேரத்துக்குக் கிட்ட ஒரே காசுல ஆடினார். பின்னாடி ஏழெட்டு பேர் நின்னோம், ஒருத்தரும் பேசல. முடிஞ்சதும் அடுத்த காசு போடாம எழுந்து நகந்துட்டார், ஏன்னா ஒருத்தர் காத்துட்டு இருந்தார். அங்க அது எழுதாத சட்டம்.

அங்க மெஷின்ல இருந்த ஜாய்ஸ்டிக் எவ்வளவு லேசா, சுத்தமா திரும்புச்சுங்கறதை நான் இன்னும் மறக்கல. பட்டன் ஒண்ணு சரியா அமுங்கலன்னா ஸ்டாஃபை கூப்பிட்டா போதும், இடுப்புல சாவிக்கொத்தோட வந்து பேனலைத் திறந்து, உள்ள இருக்கற மைக்ரோ ஸ்விட்சை மாத்தி, ரெண்டு தட்டு தட்டிப் பாத்து, தலையைக் குனிஞ்சு மன்னிப்பு கேட்டுட்டுப் போவாங்க, போன காசுக்கு ஒரு கிரெடிட்டும் போட்டுக் குடுப்பாங்க. நியூஜெர்சி வந்த புதுசுல ஒரு மால்ல இருந்த ஆர்கேட்டுக்கு ஆசையா போனேன். ஃபைட்டிங் கேம் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் ரெண்டாவது ஆளோட ஸ்டிக் இடது பக்கம் போகவே இல்ல. டிக்கெட் எண்ணி பொம்மை குடுக்கற கவுன்டர்ல இருந்த பையன்கிட்ட சொன்னேன், ரிப்பேர் ஆளு எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாதுன்னான். மூணு மாசம் கழிச்சுப் போனேன், அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. எனக்கு கோபத்தைவிட வருத்தம்தான் வந்துச்சு. அந்தப் பையன் மேல தப்பே இல்ல, அந்த மெஷினை தினமும் வந்து தொடற ஆள் ஒருத்தர்கூட அங்க இல்ல, அப்புறம் யாருக்காக ரிப்பேர் பண்ணுவாங்க?

என் பதில் இதுதான், தினமும் வர்ற ஆள். ஜப்பான்ல கேம் சென்டர் ஸ்டேஷன் வாசல்லயே இருக்கும், ஸ்கூல் முடிஞ்சு ட்யூஷனுக்குப் போற பசங்க, ஆபீஸ் முடிஞ்சு ரயில் ஏறப் போறவங்க, எல்லாரும் அந்த வழியாத்தான் நடந்து போகணும், 100 யென் காசு ஒண்ணு கையில இருந்தா பத்து நிமிஷம் நுழைஞ்சுட்டு போகலாம். வீடும் சின்னது, சுவரும் மெல்லிசு, தைகோங்கற கேம்ல வர்ற பெரிய டிரம்மை வீட்ல வச்சு அந்த மாதிரி அடிக்க முடியுமா? அமெரிக்காவுல ஆர்கேட் மாலுக்குள்ள இருந்துச்சு, மாலுக்கு காரு வேணும், பசங்களை அப்பா அம்மா கொண்டு போய் இறக்கிவிடணும், வீட்ல பெரிய ஹால், பெரிய டிவி. மாலுக்கு கூட்டம் குறைஞ்சதும் ஆர்கேட்டும் கூடவே போச்சு.

சரிவு எப்படி நடந்துச்சுன்னா, 1978ல டைட்டோ கம்பெனியோட நிஷிகாடோ செஞ்ச ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980ல பாக்மேன், இது ரெண்டும் ரெண்டு நாட்டுலயும் பைத்தியமா ஓடுச்சு. அமெரிக்காவுல 1982தான் உச்சம், அப்புறம் படபடன்னு கடை மூட ஆரம்பிச்சுது, 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ங்கற ஃபைட்டிங் கேம் வந்து கொஞ்ச வருஷம் தூக்கி நிறுத்துச்சு, வீட்டு டிவியிலயே ஆடற பிளேஸ்டேஷன் வந்ததும் முடிஞ்சுது. ஊர்க்காரங்களுக்கும் புடிக்கல, மாசசூசெட்ஸ்ல மார்ஷ்ஃபீல்டுங்கற ஊர் 1982ல காசு போட்டு ஆடற வீடியோ கேமையே தடை பண்ணி, 2014லதான் அந்தத் தடையை எடுத்தாங்க. ஜப்பான்லயும் பெத்தவங்களுக்கு இதே பயம்தான், ஆனா அங்க 1985லேர்ந்து லைசன்ஸ், நள்ளிரவுல மூடணும், சின்னப் பசங்க சாயங்காலத்துக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டு வச்சுக்கிட்டாங்க.

அதோட கம்பெனிங்களும் விடல, வீட்ல ஆட முடியாத எதையாவது கொண்டு வந்துட்டே இருந்தாங்க. 1985ல செகா கம்பெனியோட யுஎஃப்ஓ கேட்சர்ங்கற கிரேன் மெஷின், 1995ல பொண்ணுங்க கூட்டத்தையே உள்ள கொண்டு வந்த புரிகுரா ஸ்டிக்கர் போட்டோ மெஷின், 1998ல காலால மிதிச்சு ஆடற டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 2012ல மாய்மாய்ங்கற மியூசிக் கேம். மாய்மாய் ஆடறவங்க பையிலேர்ந்து வெள்ளை காட்டன் கையுறை எடுத்து மாட்டிட்டுத்தான் தொடுவாங்க, வட்டமா இருக்கற ஸ்க்ரீன்ல கை வழுக்கிட்டுப் போகணும்ல. ஃபைட்டிங் கேம்ல ரெண்டு மெஷினை முதுகோட முதுகு ஒட்டி வச்சிருப்பாங்க, எதிராளி முகமே தெரியாது, நீங்க தனியா ஆடிட்டு இருக்கும்போது அந்தப் பக்கம் ஒருத்தர் காசு போட்டு உள்ள பூந்துடுவார். அமெரிக்காவுல ஒரே மெஷின்ல தோளோட தோள் இடிச்சுட்டு நின்னு ஆடணும், கூச்ச சுபாவம் உள்ளவன் பக்கத்துலயே போக மாட்டான். எனக்கு ஜப்பானிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனாலும் டெக்கன் 7ல முகம் தெரியாத எத்தனையோ பேரோட ஒரு வார்த்தை பேசாம நட்பா இருந்தேன்.

இப்ப அதே 100 யென்தான் கழுத்தையும் புடிக்குது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காலத்துலயும் ஒரு ஆட்டம் 100 யென், நான் இருந்தப்பவும் 100 யென். நடுவுல 1989ல 3 சதவீத விற்பனை வரி வந்துச்சு, 1997ல 5, 2014ல 8, 2019 அக்டோபர்ல 10. கடைக்காரன் 110 யென்னு சுலபமா போட முடியாது, மெஷின் பெரும்பாலும் 100 யென் காசுலதான் ஓடுது, அடுத்த படி 200, ஆளு ஓடிடுவாங்க. ஒவ்வொரு காசுலயும் 9 யென் வரிக்கு, நெட்வொர்க் கேம்னா கம்பெனிக்கு ஒரு பங்கு, மிச்சத்துல ஸ்டேஷன் வாசல் வாடகை, கரண்ட், சாவிக்கொத்து ஆளோட சம்பளம். அதனாலதான் மாடி மாடியா கிரேன் மெஷின் ஏறுது, இப்ப வருமானத்துல பாதிக்கு மேல அதுலதான். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த பொம்மைக் காசுதான் மேல் மாடியைக் காப்பாத்துது, ஆனா கிரேன் ஏற ஏற ஷூட்டிங் கேமுக்கு இடம் குறையறதைப் பாக்க மனசு கேக்கல.

கொரோனா கடைசி அடி. 2020 ஆகஸ்ட்ல அகிஹபாராவுல செகாவோட 2ஆம் ஆர்கேட் கட்டடம் மூடுச்சு, அந்த வருஷக் கடைசியிலயே செகா தன்னோட ஆர்கேட் பிசினஸ்ல பெரும்பங்கை ஜெண்டாங்கற கம்பெனிக்கு வித்துது, 2022லேர்ந்து போர்டு எல்லாம் கீகோன்னு மாறிடுச்சு. ஹாங்காங்ல இருந்த கவுலூன் கோட்டைக் குடியிருப்பு மாதிரி துருப்பிடிச்ச செட் போட்ட கவாசாகி வேர்ஹவுஸ்ங்கற ஆர்கேட் அதுக்கு முன்னாடியே 2019 நவம்பர்ல போயிடுச்சு, மூடறதுக்குள்ள ஒரு தடவையாவது போயிடணும்னு நினைச்சேன், முடியல. டோக்கியோவுல தகதனோபாபா பக்கம் இருக்கற மிகாடோங்கற ஆர்கேட் ஆட்டக்காரங்ககிட்டயே பணம் திரட்டி நின்னுச்சு.

அமெரிக்காவும் முழுசா சாகலைங்க, அதையும் சொல்லணும். சிகாகோ பக்கம் ப்ரூக்ஃபீல்டுல கேலப்பிங் கோஸ்ட்னு ஒரு இடம், 2010லேர்ந்து இருக்கு, நுழைவுக் கட்டணம் ஒண்ணுதான், நூத்துக்கணக்கான மெஷின், நாள் பூரா ஆடலாம், உடைஞ்சதை ரிப்பேர் பண்ணிட்டே இருப்பாங்க. நியூயார்க் மாட் ஸ்ட்ரீட்ல சைனாடவுன் ஃபேர்ங்கற ஆர்கேட் 2011ல மூடினப்போ ஃபைட்டிங் கேம் கூட்டம் புரூக்ளினுக்கு இடம் மாறுச்சு, அடுத்த வருஷம் அந்தக் கடை ஜெயிச்சா டிக்கெட் குடுக்கற கேமோட திரும்பத் திறந்துச்சு. ஜப்பான்காரங்களோட ரவுண்ட் ஒன்ங்கற ஆர்கேட் கம்பெனி 2010ல கலிஃபோர்னியாவுல காலை வச்சு இப்ப பல மால்கள்ல இருக்கு, மியூசிக் கேம் ஆடணும்னா நான் அங்கதான் போறேன். அங்க வாராவாரம் அதே பத்துப் பதினஞ்சு பசங்க கையுறையோட நிக்கறாங்க, மெஷின்ல ஏதாவது சரியில்லன்னா அவங்களே போய் மேனேஜர்கிட்ட சண்டை போட்டு சரி பண்ண வைக்கறாங்க.

டோக்கியோ போறவங்க அகிஹபாராவுல கீழ் மாடியில போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க. சேஞ்ச் மெஷின்ல 1,000 யென் நோட்டு ஒண்ணு போட்டு பத்து காசா மாத்திக்கிட்டு மேல ஏறுங்க, ஆடத் தெரியலன்னாலும் பரவால்ல, யாராவது நல்லா ஆடிட்டு இருப்பாங்க, பின்னாடி நின்னு பாருங்க.