பெரிய வீடியோ ஸ்ட்ரீமிங் சேவைக்கு எதில் அதிகம் செலவாகிறது?

நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைக்கு முதல் பெருஞ்செலவு படங்களும் தொடர்களும்தான். தொழில்நுட்பப் பக்கம் வந்தால், பலரும் நினைப்பதுபோல் சேமிப்பு அல்ல, அனுப்புவதுதான் செலவு. ஒரு படத்துக்குச் சில பிரதிகள் இருந்தால் போதும்; ஆனால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பியாக வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட்டில் ஓடும் எச்டி வீடியோ மணிக்கு 2.25 ஜிகாபைட் இழுக்கும். ஒரே நேரத்தில் 10 லட்சம் பேர் பார்த்தால் நொடிக்கு 5 டெராபிட்! வாடகை கிளவுடிலிருந்து, அதாவது வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த சர்வர்களிலிருந்து, நேராக இதை அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் தன் கேஷ் சர்வர்களை (படங்களின் பிரதியைப் பார்ப்பவருக்கு அருகிலேயே வைத்திருக்கும் கணினிகளை) இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்திலேயே வைத்து, நெரிசல் குறைந்த நேரத்தில் படங்களை நிரப்பிவிடுகிறது.

நேரலையில் இந்த வித்தை பலிக்காது. முன்கூட்டி நிரப்ப எதுவும் இல்லை. சில மணி நேர உச்சத்துக்காகவே திறனைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஏவி1 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) அனுப்ப வேண்டிய டேட்டாவைக் குறைக்கும், ஆனால் என்கோடிங்குக்கு, அதாவது அப்படிச் சுருக்கும் வேலைக்கு, நிறையக் கணினி நேரத்தை விழுங்கும். நிறையப் பேர் பார்க்கும் வீடியோவுக்குத்தான் அது லாபம்.