டிவியில் ஒட்டிய பொட்டு

கேள்வி: 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தைப் போன இதழில் ஓவியம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி நேரமும் வண்டியை விட்டு மோதுவதும் ஆளைச் சாய்ப்பதும் ரத்தமும்தான். இதில் ஓவியம் எங்கே சார்?
- வாசகர், கரூர்

பதில்: மோதல்தான், ஒப்புக்கொள்கிறேன். கதை என்று பார்த்தால், போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வாங்கி, டிவியின் நட்டநடுவில் ஒட்டிவிட்டுப் படத்தைப் போடுங்கள். நான் செய்தேன். (வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.) ஷாட் மாற மாற, முகமோ ஸ்டியரிங்கோ துப்பாக்கி முனையோ அந்தப் பொட்டைத் தேடி வந்து நிற்கிறது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர், ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் கேட்டு வாங்கிய விஷயம் இது: எது முக்கியமோ அது நடுவில் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. படத்தில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள், அதாவது அத்தனை தடவை ஷாட் மாறுகிறது. கணக்குப் போட்டால் ஒரு ஷாட் சராசரியாக மூன்று விநாடிகூட நிற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் கண் மூலைமூலையாகத் தேடினால், கண்டுபிடிப்பதற்குள் ஷாட் போய்விடும். நம்மூர்ச் சண்டைகள் பலவற்றில் கேமராவைக் குலுக்கிய குலுக்கலில், யார் யாரை அடித்தார் என்று சத்தத்தை வைத்துத்தானே ஊகிக்கிறோம்! இதை வெட்டிக் கோத்தவர் மார்கரெட் சிக்செல், இயக்குநரின் மனைவி. அதற்கு முன் ஆக்‌ஷன் படமே எடிட் செய்யாதவர். 2016இல் ஆஸ்கர் வாங்கினார்.

அப்புறம், ரத்தம். அந்தப் படத்தில் ரத்தத்தைவிட நமீபியப் பாலைவன மணல்தான் அதிகம்.

கேள்வி: அதே படத்தில் இரவுக் காட்சிகள் ஏன் அப்படி நீலமாக இருக்கின்றன?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பகலில் எடுத்தவை, அதனால்தான். பகலை இரவாக்க வேண்டுமென்றால் வழக்கமாக வெளிச்சத்தைக் குறைத்து எடுப்பார்கள். இவர்கள் தலைகீழாக, வெளிச்சத்தைக் கூட்டி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்கி நீலம் ஏற்றினார்கள். அதனால் நிழலுக்குள்ளும் முகம் தெரிகிறது. சேற்றில் வண்டி சிக்கிய இடத்தைப் பாருங்கள். நாயகன் மேக்ஸ் சுட்டுக் குறி தவறி, துப்பாக்கியை நாயகி ஃப்யூரியோசாவிடம் கொடுத்துவிடுவான். அவள் அவன் தோளிலேயே குழலைச் சாய்த்துச் சுடுவாள். நீல இருட்டில் இரண்டு தலைகள், நடுவே ஒரு துப்பாக்கி. கரூர்க்காரர் அந்த இடத்தில் மட்டும் பொட்டை எடுத்துவிடலாம். மறைக்கும்.