மத அறிஞர்கள் விஞ்ஞானத்தோட நிஜமாவே பேசறாங்களா, இல்ல "எல்லாம் நம்ம நூல்லயே இருக்கு"ன்னு சொல்றதோட சரியா?

நிஜமாவே பேசுனவங்க இருக்காங்க. ஆனா நம்ம போனுக்கு வந்து சேர்றது அவங்க பேச்சு இல்லைங்க. "நாசா சாட்டிலைட் திருநள்ளாறு மேல வந்ததும் சில செகண்டு நின்னு போகுது, விஞ்ஞானிகள் அதிர்ச்சி"ன்னு ஒரு மெசேஜ், எங்க ஒறம்பரை குரூப்புல ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் தவறாம வரும். சுத்தற வேகந்தான் சாட்டிலைட்டை கீழ விழாம வெச்சிருக்குது, அது நின்னா எங்கயாச்சும் விழத்தான் செய்யும். சுத்தக் கட்டுக்கதை. அனுப்பறவங்கள்ல இஞ்சினியருங்களும் உண்டுங்கறதுதான் வயித்தெரிச்சல்.

அதே சனிப்பெயர்ச்சில நிஜமான ஒரு விவாதம் இருக்குது, அதைப் பத்தி யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை. 2020-ல, வானத்துல பாக்கறதோட ஒத்துவர்ற மாதிரி திருத்துன திருக்கணித பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்குப் போனது ஜனவரி 24. பழைய சூத்திரத்தை அப்படியே வெச்சுக் கணிக்கற வாக்கிய பஞ்சாங்கப்படி டிசம்பர் 27, திருநள்ளாறுல கொண்டாடுனதும் அன்னிக்குத்தான். ஒரே கிரகம், ஒரே வானம், பதினோரு மாசம் வித்தியாசம். இதுல என்ன வேடிக்கைன்னா அந்த டிசம்பர் 21 சாயங்காலம் குருவும் சனியும் மேக்க ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, நடுவுல இருந்த எடம் நிலாவோட அகலத்துல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும், நானும் தோட்டத்து மொட்டை மாடில நின்னு பாத்தேன். ரெண்டு பஞ்சாங்கப்படியும் குரு நவம்பர்லயே மகரத்துக்கு வந்தாச்சு. ஆனா வாக்கியப்படி சனி இன்னும் தனுசுலயே உக்காந்திருக்கோணும். அதாவது கண்ணுக்கு முன்னால ஒண்ணா நிக்கற ரெண்டும் பஞ்சாங்கத்துல வேற வேற ராசி!

இதை எங்க ஊரு ஜோசியர்கிட்ட கேட்டேன், "ஏனுங்கய்யா, வானத்துல ஒண்ணா நிக்குது, நீங்க இன்னும் தனுசுங்கறீங்களே"ன்னு. அவரு கொஞ்சமும் அசரலை. "தம்பி, நான் பாக்கறது கட்டம். இது பெரியவங்க போட்ட கணக்கு, கோயில் நோம்பி எல்லாம் இதை வெச்சுத்தான் நடக்குது. வானத்தைப் பாத்து நாளைக்கு ஒரு கணக்கு போட்டா ஊருக்கு ஒரு நாள் நோம்பி வரும்"னாரு. எனக்கு இது நேர்மையான பதிலாத்தான் பட்டுது. சடங்குக்கு ஒரு கணக்கு, வானத்துக்கு ஒரு கணக்கு, ரெண்டையும் குழப்பாதேங்கறாரு, மேல்நாட்டு இறையியல்காரங்கள்லயும் இதே மாதிரி விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் நடுவுல வரப்பு போட்டுக்கிட்டவங்க நெறைய பேரு. ஆனா அவரே அடுத்த வாரம் டீக்கடைல "டெலஸ்கோப்பே இல்லாம சனி எங்க இருக்குதுன்னு துல்லியமா சொன்னவங்க நம்ம முன்னோர்"னு பேசுனாருங்க, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. ரெண்டுல ஒண்ணுதான் சொல்லலாம்.

வாக்கியக் கணக்கை நான் மட்டமா சொல்லலை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், 248 நாளைக்கு அது இருக்கற எடத்தை எழுத்துக்குள்ள ஒளிச்சு மனப்பாடமா வெச்சிருந்தாங்க. 1825-ல பாண்டிச்சேரி பக்கம் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில சோழியை அடுக்கி, பேப்பர்ல ஒரு வரி எழுதாம சந்திர கிரகணத்தைக் கணிச்சதை ஜான் வாரன்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதி வெச்சிருக்காரு. கிரகணம் பிடிக்கற நேரத்துல நாலு நிமிஷந்தான் பெசகு. விடற நேரத்துல அம்பது நிமிஷத்துக்கு மேல பெசகிருச்சு. அந்த நாலு நிமிஷத்தை மட்டும் மேடையில சொல்றதுதான் இப்ப நடக்கறது.

ஆனா அந்த மாதிரி பெசகைப் பத்தி அதுக்கு முன்னாலயே கவலைப்பட்டவங்களும் நம்மகிட்டயே இருந்தாங்க, அதுவும் ரொம்பக் கிட்டக்க. கோயமுத்தூர்ல மங்களூர் ரயில் ஏறி பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனா திரூர்னு ஒரு ஸ்டேஷன் வரும், அந்தப் பக்கத்து ஆளுதான் பரமேஸ்வரர். 55 வருஷம் கிரகணங்களைப் பாத்துப் பாத்து பழைய கணக்கு ஒத்துவரலைன்னு 1431-ல திருக்கணிதம்னே ஒரு நூல் எழுதுனாரு. அவரு மகன்கிட்ட படிச்சவரு நீலகண்ட சோமயாஜி. பேர்லயே தெரியும், சோமயாகம் பண்ணுனவரு, வேதத்துல ஊறுன மனுஷன். அவரு 1504 வாக்குல எழுதுன ஜோதிர்மீமாம்சைல சொல்றதுதான் எனக்கு இந்தக் கேள்விக்கு முக்கியமான பதில். ஆரியபட்டருக்கு பிரம்மாவோட அருள் கிடைச்சுதுன்னா பிரம்மா வந்து கணக்கை ஒப்பிச்சாருன்னு அர்த்தமில்லை, அவரு புத்தி தெளிவாச்சுன்னுதான் அர்த்தம், அதனால ஒவ்வொரு காலத்துலயும் வானத்தைப் பாத்து சோதிச்சுக் கணக்கைத் திருத்தோணும்ங்கறாரு. சாமியையும் விடலை, கணக்கையும் விடலை. சாஸ்திரத்துக்கு உள்ள இருந்துக்கிட்டே சாஸ்திரத்தைத் திருத்தறதுக்கு வழி தேடுனாரு பாருங்க, அதைத்தான் நான் பேச்சுவார்த்தைம்பேன்.

மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இந்த வழிதான். 1867-ல ஒரு மாறுவிண்மீனை, அதாவது வெளிச்சம் கூடிக் கொறையற நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சவரு, பஞ்சாங்கத்தைத் திருத்தோணும்னு அந்தக் காலத்து பண்டிதருங்களோட மல்லுக்கட்டுனவரு. இப்ப இவரு பேரைச் சொன்னா யாருன்னு கேப்பாங்க.

மத்த மதத்துலயும் தேடிப்பாத்தா இதே மாதிரி ஆளுங்க கிடைப்பாங்க. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிப்படை போட்ட லெமைத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியம்காரர். 1927-ல பிரபஞ்சம் விரியுதுன்னு கட்டுரை எழுதறாரு, 1931-ல எல்லாம் ஒரு ஆதி அணுல இருந்து வந்ததுங்கறாரு. 1951-ல போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்கு சாட்சிங்கற மாதிரி பேசுனாரு. வேற ஆளா இருந்தா அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. லெமைத்ரேவுக்கு அது புடிக்கலை. இது இயற்பியல், மத விஷயத்துக்கு வெளிய நிக்கறது, நாளைக்கு மாறுனாலும் மாறும்ங்கறது அவரு நிலைப்பாடு. தன் மதத்துக்கு சாதகமா வந்ததையே வேண்டாம்னு சொன்ன மனுஷன்! தலாய் லாமா 1987-ல இருந்து விஞ்ஞானிகளோட உக்காந்து பேசறாரு, பழைய பௌத்த நூல்கள்ல வர்ற மேரு மலையை நடுவுல வெச்ச உலகப்படத்தை விட்டுரலாம்னு வெளிப்படையாவே சொல்லிட்டாரு.

நம்ம சைவ சித்தாந்தத்துலயும் எதிராளி பேச்சைக் கேக்கற பழக்கம் இருந்துச்சுங்க. சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதி, மத்தவங்க கொள்கையை எடுத்து வெச்சுட்டு அப்பறமா மறுக்கறது, அதுல முதல்ல வர்றவனே உலகாயதன், கண்ணால பாக்கறது மட்டுந்தான் அளவை, அதாவது ஆதாரம்னு சொல்றவன். இப்ப மேடையில பேசறவங்க உலகாயதனைப் பேசவே விடறதில்லை, அவனுக்குப் பதிலா நாசாவைக் கூட்டிட்டு வந்து ஆமா போட வெக்கறாங்க.

கிரகணத்துல மட்டும் யாராலயும் இப்படி மழுப்ப முடியாது, ஊரே கண்ணால பாத்துரும். 2019 டிசம்பர் 26 காலைல எங்க பக்கம் கோயமுத்தூரு, திருப்பூருன்னு வளையக் கிரகணம் தெரிஞ்சுது. அமுச்சி, அதாவது பாட்டி, வாசல்ல பித்தளைத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்தி வெச்சாங்க, பையன் பள்ளிக்கூடத்துல குடுத்த கண்ணாடியைப் போட்டு சூரியனைப் பாத்தான். உலக்கை கிரகணத்துலதான் நிக்கும்னு அமுச்சி சொல்ல, அவன் அடுத்த நாளும் அதே எடத்துல நிறுத்திக் காட்டிட்டான். அமுச்சிக்கு ரெண்டு நாள் கோவம், அப்பறம் "சரி, நிக்குது, ஆனா நான் அன்னிக்கும் நிறுத்தத்தான் நிறுத்துவேன்"னாங்க. அதுக்கு மேல நாங்க யாரும் பேசலை.