பெயர் எழுதும் லீடர் வேண்டாம்
டீச்சர், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும் வேலையை லீடருக்குக் கொடுத்ததிலிருந்து ஐந்தாம் வகுப்பில் தினமும் சண்டை என்கிறீர்கள். அதை நாளைக்கே நிறுத்திவிடுங்கள். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிற வேலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். போர்டில் தேதியும் குறளும் எழுத, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, நூலகப் புத்தகம் கொடுத்து வாங்க என்று வேலையைப் பிரித்து, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையவரே புதியவருக்குக் கற்றுத்தரட்டும். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், புத்தகப் பொறுப்பு வந்த பிறகு, புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களிடம், "நேத்தே கொடுத்திருக்கணும்ல?" என்று சத்தமாகக் கேட்டாள். பெருக்குவதும் குப்பை அள்ளுவதும் மட்டும் எல்லாருக்கும் கட்டாயம் முறை வைத்து வரட்டும். ஒரே பிள்ளைகள் தலையில் அது விழுந்தால் ஊரின் சாதி வகுப்பறைக்குள்ளும் வந்துவிடும்.